தீயைச் சின்னதா எரிக்கக் கத்துக்கிட்ட கதை

கடுங்குளிர்ல அடுப்பு எரிக்கிறது பெரிய வித்தையே இல்லைங்க. விறகைப் போட்டு, காத்து வழியைத் திறந்து விட்டா போதும். லேசான குளிர்லதான் அடுப்போட லட்சணம் தெரியும். வீட்டுக்குக் கொஞ்சூண்டு சூடு போதும். தீக்கு அந்த 'கொஞ்சூண்டு' புரியாது. பெல்லட் ஸ்டவ்வோட வரலாறே இந்தச் சிக்கலோட வரலாறுதான்.

1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டாங்க. சில மாசத்துல கச்சா எண்ணெய் பேரல் 3 டாலர்ல இருந்து 12 டாலர் பக்கம் போயிடுச்சு. அமெரிக்காவுல நிறைய பேர் மறுபடி விறகுக்குத் திரும்பினாங்க. காத்துப் புகாத இரும்பு அடுப்பு சக்கைப்போடு போட்டுச்சு. நிறைய விறகை அடைச்சு, காத்து வழியை மூடிட்டா ராத்திரி முழுக்கக் கனிஞ்சுக்கிட்டே இருக்கும். குளிர் குறைஞ்ச நாள்லயும் இதே டெக்னிக்தான்.

விளைவு? மூச்சு முட்டின தீ, ஏகப்பட்ட புகை. தார் மாதிரி பிசின் புகைபோக்கிக்குள்ள படிஞ்சு, அதுவே தீப்பிடிச்ச வீடுகள் உண்டு. பள்ளத்தாக்கு ஊர்கள்ல புகை மேல போக வழியில்லாம ஊர் மேலயே போர்வை போர்த்தின மாதிரி நின்னுச்சு. ஆரிகன் மாநிலம் 1983ல சட்டம் கொண்டு வந்துச்சு. 1988ல மத்திய அரசோட விதி வந்துச்சு.

இந்த நேரத்துலதான் போயிங்ல வேலை பார்த்த விமானப் பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்ட் வர்றார். 1980களோட தொடக்கத்துல அவர் யோசிச்சது ரொம்ப சிம்பிள். தீயைக் குறைக்கணும்னா காத்தை ஏன் நிறுத்தணும்? தீனியைக் குறைச்சா ஆச்சு! மரத்தூளை அழுத்திச் செஞ்ச சின்னச் சின்ன உருளைகளை, சுழலும் திருகு ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா சின்னக் கிண்ணத்துல போடும். ஃபேன் காத்து ஊதும். தீ சின்னதா இருந்தாலும் பளிச்னு எரியும்.

கதை சுபம்னு நினைச்சீங்களா? இனிமேதான் ட்விஸ்ட்.

ஒரு கிலோ மரம் முழுசா எரிய சுமார் 6 கிலோ காத்து வேணும். 1988 விதியில, காத்து 35 மடங்குக்கு மேல போற அடுப்புக்கு விலக்கு கொடுத்துட்டாங்க. பல பெல்லட் ஸ்டவ்கள் அந்த விலக்குல வந்துச்சு. காத்தைத் தாராளமா விட்டா சோதனை செலவே மிச்சம். ஆனா அந்த உபரிக் காத்து சும்மா போகுமா? வீட்டுக்கு வர வேண்டிய சூட்டையும் தூக்கிக்கிட்டு குழாய் வழியா வெளிய போயிடும். லேசான குளிர்ல தீனி இன்னும் குறையும், காத்து அதே அளவுக்குக் குறையாது. அப்ப நஷ்டம் இன்னும் அதிகம். எதை அளக்குறோமோ டிசைன் அதுக்குத்தான் வளையும்னு நம்ம மென்பொருள் ஆளுங்களுக்குச் சொல்லணுமா என்ன? இந்த ஓட்டையை அடைக்க 2015 வரைக்கும் ஆச்சு.

சரி, வசந்த காலத்துல என்னதான் பண்றது? நாள் முழுக்க குறைஞ்ச தீயில ஓட்டினா கண்ணாடியில கரி, கிண்ணத்துல சாம்பல் கட்டி. தெர்மோஸ்டாட்டை இறுக்கமா வெச்சா அணைஞ்சு அணைஞ்சு பத்தும். பத்துற நேரமும் அணையற நேரமும்தான் புகை ஜாஸ்தி; பத்த வைக்கிற கம்பிக்கு கரண்ட் செலவு வேற. அதனால அணையற, பத்துற வெப்பநிலைக்கு நடுவுல நல்ல இடைவெளி விட்டு, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நடுத்தரத் தீயில நல்லா எரிச்சு நிறுத்திடறது உத்தமம். குறைஞ்ச தீயிலயே ஓட்டணும்னா, மாடல் அனுமதிச்சா, காத்தையும் கூடவே குறைக்கணும்.

இதெல்லாம் பர்ஸ் விஷயம் மட்டும் இல்லை. மொன்டானாவுல லிபின்னு ஒரு மலையூர். 2005ல இருந்து 2007க்குள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய விறகடுப்புகளை மாத்தினாங்க. குளிர்காலக் காத்துல இருந்த நுண்துகள் ஏறக்குறைய கால்வாசி குறைஞ்சுது. அந்த ஊர்க் குழந்தைங்க சுவாசிச்ச காத்து அது.

டிஸ்கி: திருகும் ஃபேனும் ஓட கரண்ட் வேணும். பவர்கட் ஆனா பெல்லட் ஸ்டவ் வெறும் இரும்புப் பெட்டிதான் :-)