சட்டைப் பைக்குள் வந்த சவுண்ட் கார்டு

ஆடி பதினெட்டு நெருங்கினால் சேந்தமங்கலம் சாலையில் வண்டி நடமாட்டம் கூடிவிடும். நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டி, காரவல்லி அடிவாரத்தைத் தொட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியாக வேண்டும். அறப்பளீஸ்வரரைக் கும்பிடவும், வல்வில் ஓரி விழாவைப் பார்க்கவும் ஒரு கூட்டம் மேலே போகும். அடிவாரத்து ஊர்களிலோ வருஷம் முழுக்க ஏதாவதொரு கோயிலில் நோம்பி இருந்துகொண்டே இருக்கும். நோம்பி என்றால் மைக் செட் உண்டு.

அந்த மைக் செட்டின் கதையில் கடைசியாக வந்து சேர்ந்த பொருள், கட்டைவிரல் அளவே உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு. ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர், ஸ்பீக்கர் பெட்டி என்று ஒரு மினி லாரி நிறையச் சாமான் ஏற்றுகிற தொழிலில், பாட்டுத் தெளிவாகக் கேட்பதும் இரைச்சலோடு கேட்பதும் சட்டைப் பையில் போட்டுப் போகிற இந்தத் துண்டைப் பொறுத்து அமைந்துவிடுவது உண்டு.

முதலில் இசைத்தட்டு. ஊசி தேயும், தட்டு கீறும்; இருந்தாலும் தட்டிலிருந்து வருகிற சத்தத்துக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே வேறு மின்சாதனம் கிடையாது. பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது. இரண்டாயிரத்தை ஒட்டி எம்பி3 பரவியதும், ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒரே ஹார்டு டிஸ்கில் அடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரே பந்தலுக்கு வந்தது. பெரும்பாலும் அது கடையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு சிஸ்டம்.

நாமக்கல் வட்டாரத்துக்கு இப்படிப் பூட்டுவது அந்நியமான வேலையல்ல. கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் லாரிக்குக் கேபினும் பாடியும் கட்டிச் சாலையில் விடுவது இந்த மாவட்டத்தின் அன்றாடத் தொழில். மதர்போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று தனித்தனியாக வாங்கி ஒன்றாக்குவதும் அதே மாதிரியான வேலைதான். பாகங்களுக்குப் பலரும் போய் நின்ற இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று பின்னிக் கிடக்கும் அந்தச் சந்தை, ரேடியோ உதிரிப் பாகங்களில் தொடங்கிக் கம்ப்யூட்டருக்கு வளர்ந்தது.

கம்ப்யூட்டருக்கு ஆரம்பத்தில் பாட்டே வராது. 1981இல் ஐபிஎம் விற்ற பிசியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும் இருந்தது; 'பீப்' என்று கத்துவதுதான் அதன் முழுநேர வேலை. அதே 1981இல் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். 1989இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டுதான் உலகம் முழுவதும் பிசிக்குக் குரல் கொடுத்தது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள ஒரு நாட்டில் பிறந்த பொருள் அது என்பதைத் தமிழர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை, பேசியிருக்க வேண்டும். முதல் கார்டில் 8 பிட் மோனோ. 1992இல் வந்த 'சவுண்ட் பிளாஸ்டர் 16' சிடி தரத்தை எட்டியது.

அந்தக் காலத்து அசெம்பிள் வேலையில் சவுண்ட் கார்டுதான் ஆளைப் படுத்தியது. ஸ்லாட்டில் செருகினால் போதாது. முகவரி 220, ஐஆர்க்யூ 5 அல்லது 7, டிஎம்ஏ 1 என்று எண்களைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பிரிண்டர் போர்ட் அதே 7ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் பாட்டு திக்கும், சில நேரம் சிஸ்டமே உறைந்துவிடும்.

1997இல் இன்டெல் வகுத்த ஏசி'97 முறை வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. ஒலிக்கான சின்னச் சிப் மதர்போர்டிலேயே உட்கார்ந்தது. தனிக் கார்டு வாங்கும் செலவு மிச்சம். பின்பக்கம் மைக்குக்கு இளஞ்சிவப்பு, ஸ்பீக்கருக்கு இளம்பச்சை, லைன் இன்னுக்கு வெளிர்நீலம் என்று ஓட்டைகளுக்கு நிறமும் வந்தது. செலவு குறைந்த இடத்தில் வேறொன்று கூடியது: இரைச்சல். ஒரே போர்டில் பிராசஸரும் ஹார்டு டிஸ்கும் விசிறியும் மின்சாரத்தை இழுத்து விட்டுக்கொண்டிருக்க, பக்கத்திலேயே மைக்கிலிருந்து வரும் மில்லிவோல்ட் கணக்கிலான சமிக்ஞை ஓடுகிறது. மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் 'கிர்' என்று கேட்கும். அறையில் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் அது உறைக்காது. அதையே ஆம்ப்ளிஃபையரில் பெரிதாக்கிப் பந்தலில் விட்டால் ஊரே கேட்கும்.

அதற்குத் தீர்வு, ஒலியைப் பெட்டியை விட்டு வெளியே கொண்டுவருவது. வழி திறந்துவிட்டது யூஎஸ்பி. அந்த முறையை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னின்றவர் அஜய் பட். குஜராத்தில் பிறந்து, பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. 1998இல் யூஎஸ்பி வழியாக ஒலியை அனுப்புவதற்கென்றே பொதுவான விதிமுறை வகுக்கப்பட்டது. எந்தக் கம்பெனியின் யூஎஸ்பி ஒலி அடாப்டரைச் செருகினாலும், தனி டிரைவர் இல்லாமல் விண்டோஸும் லினக்ஸும் அடையாளம் கண்டுகொள்வது அந்த விதிமுறையால்தான்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒரு பொட்டலம் ஒலியை அனுப்புகிறது. நொடிக்கு 48,000 துளி (சாம்பிள்) உள்ள ஒலி என்றால் பொட்டலத்துக்குச் சரியாக 48 துளி. சிடி பாட்டுக்கோ நொடிக்கு 44,100 துளி. ஆயிரத்தால் வகுத்தால் மீதி நிற்கும். ஆகவே ஒன்பது பொட்டலங்களில் 44, பத்தாவதில் 45. தாளம் தப்பாமல் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க, எண்கள் மின் அலையாக மாறுகிற வேலை பெட்டிக்கு வெளியே நடக்கிறது.

கிரியேட்டிவ் 2001இல் கொண்டுவந்த 'எக்ஸ்டிஜி' ஒரு பெரிய பெட்டி. பிறகு தைவானின் சி-மீடியா போன்ற நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கிவிட, அடாப்டர் விரலளவுக்குச் சுருங்கியது. 2012இல் வந்த 'ராஸ்பெரி பை' என்ற சின்னக் கணினிப் போர்டில் மைக் செருக இடமே இல்லை. 2023இன் ஐந்தாம் பதிப்பில் ஹெட்போன் ஜாக்கையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் போர்டை வைத்துச் சொந்தமாகக் கணினி கட்டுகிறவர்கள் ஒலிப்பதிவு செய்ய, பலரும் கைநீட்டுவது இந்தத் துண்டைத்தான்.

எதை வாங்குவது என்பது வேலையைப் பொறுத்தது. பாட்டு போட மட்டும் என்றால் விலை குறைந்த துண்டே போதும். குரல் பதிய வேண்டுமென்றால் போதாது. அதன் மைக் வழி பெரும்பாலும் மோனோ. மேடையில் பிடிக்கிற டைனமிக் மைக்கைச் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். அதற்கு எக்ஸ்எல்ஆர் துளையும், கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட்டும் தருகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும்.

கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. லேப்டாப் சார்ஜரும் மிக்ஸரும் வெவ்வேறு இடத்து எர்த்தில் நின்றால், 50 ஹெர்ட்ஸில் 'உம்ம்ம்' என்று ஓர் ஓசை கிளம்பும். போர்டுக்குள் பிறக்கும் இரைச்சலை அடாப்டர் தவிர்க்கும். இந்த உறுமலை அது தடுக்காது, ஏனென்றால் யூஎஸ்பி கம்பியிலும் கிரவுண்ட் தொடர்ந்து வருகிறது. நடுவில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டரைப் போட வேண்டும். இதைக் கண்டறிய மீட்டர் தேவையில்லை. பந்தலில் பாட்டை நிறுத்திவிட்டு, மிக்ஸர் வால்யூமை மெல்ல ஏற்றி, சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். உறுமல் அந்த நொடியே அடங்கினால் கோளாறு எர்த்தில். அடங்காமல் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தால், லேப்டாப்பின் ஜாக்கிலிருந்து பின்னை உருவி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டும் நேரம் அது.