டோர் மென்பொருள்: அமைப்புகளின் வரலாறு

இணையத்தில் ஒருவர் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பது அவருக்கு இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தெரியும். பார்க்க வருபவர் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறார் என்பது அந்தத் தளத்துக்குத் தெரியும். இவ்விரண்டையும் ஒருசேர எவரும் அறியாதபடி செய்வதற்காக உருவானதே டோர். இதன் மறையாக்கக் கணிதத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதைத் தம் கணினியோடு இணைக்கப் பயனர்கள் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டோர் பயனர்கள் அகப்பட்ட நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தால், மறையாக்கம் உடைந்து அகப்பட்டவர்கள் அரிது. அதைச் சுற்றியிருந்த உலாவியும் பழக்கமும் காட்டிக்கொடுத்தவையே மிகுதி.

அனுப்புநரை மறைக்கும் மின்னஞ்சல் முறையொன்றை 1981இல் டேவிட் சாம் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்தார். அதன் வழித்தோன்றலான 'வெங்காய வழிச்செலுத்தல்' 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் ஆகிய மூவர் அதை வடிவமைத்தனர். செய்தி பல உறைகளுக்குள் வைக்கப்பட்டு, வழியிலுள்ள ஒவ்வொரு கணினியிலும் ஓர் உறை உரிக்கப்படுகிறது. டோரில் வழக்கமாக மூன்று கணினிகள். முதலாவது அனுப்புபவரை மட்டும் அறியும். மூன்றாவது சேருமிடத்தை மட்டும் அறியும். நடுவிலுள்ளது இரண்டையும் அறியாது.

இராணுவத்துக்காகத் தோன்றியதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆளில்லாத தெருவில் முக்காடு போட்டுப் போகிறவரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் எவரும் பார்க்க மாட்டார்கள். கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தும் வலையமைப்பில் யார் நுழைந்தாலும் அவர் கடற்படைக்காரர் என்பது வெளிப்படை. எனவே கூட்டம் தேவைப்பட்டது. ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் ஆகியோர் சைவர்சனுடன் இணைந்து உருவாக்கிய டோர், 2002இல் இயங்கத் தொடங்கியது. 2006இல் டோர் திட்டம் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது.

தொடக்ககால டோருக்குத் திரையில் முகமே கிடையாது. பின்னணியில் ஓடிக்கொண்டு, 127.0.0.1 என்ற உள்முகவரியில் 9050 என்ற போர்ட்டில் காத்திருக்கும். உலாவியை அந்தப் போர்ட்டுக்குத் திருப்பிவிடுவது பயனரின் வேலை. இதைச் சரியாகச் செய்தவரும் ஏமாந்தார். காரணம், சாக்ஸ் எனப்படும் பதிலாள் நெறிமுறை. அதன் நான்காம் பதிப்பு ஐ.பி. எண்ணை மட்டுமே ஏற்கும். ஆகவே உலாவி முதலில் தளத்தின் பெயரை டி.என்.எஸ். வழங்கியிடம் நேரடியாகக் கேட்டு, எண்ணைப் பெற்று, அதன் பிறகே டோரிடம் வரும். கடிதத்தை ஆள் வைத்து ரகசியமாக அனுப்பிவிட்டு, சேரவேண்டிய வீட்டு முகவரியை நடுத்தெருவில் நின்று உரக்க விசாரித்ததற்கு ஒப்பானது இது. பக்கம் ஒழுங்காகத் திறக்கும். தவறு நடந்ததன் அடையாளமே திரையில் இராது. டோரின் பதிவேட்டில் மட்டும் ஓர் எச்சரிக்கை விழும். அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

இதற்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது பிரிவோக்ஸி என்ற இடைப்பட்ட பதிலாள். உலாவி 8118 போர்ட்டில் பிரிவோக்ஸியிடம் பேசும். பிரிவோக்ஸி, பெயரை அப்படியே ஏற்கும் சாக்ஸ் 4ஏ முறையில் டோரிடம் ஒப்படைக்கும். அதற்குப் பிரிவோக்ஸியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைக் கையால் சேர்க்க வேண்டும். அந்த வரியின் கடைசியில் ஒரு புள்ளி உண்டு. அதை மறக்கக் கூடாது என்று டோரின் வழிகாட்டி தனியே நினைவூட்டியது. அரசுக்கு அஞ்சி எழுதும் ஒருவரின் பாதுகாப்பு ஒரு புள்ளியில் தொங்கிய காலம் அது. பின்னர் பயர்பாக்ஸ், பெயர்த்தேடலையும் பதிலாள் வழியே அனுப்பும் தெரிவைத் தந்தது. ஆனால் தொடக்கத்தில் அது அணைந்த நிலையிலேயே இருந்தது.

அடுத்து வந்தவை விடாலியா என்ற சாளரமும், டோர்பட்டன் என்ற நீட்சியும். டோர்பட்டனின் பொத்தானை அழுத்தினால் உலாவி டோருக்கு மாறும். மீண்டும் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். வசதிதான், ஆனால் இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைப் பயனர் மறந்தால் எல்லாம் வீண். பயன்படுத்தக் கடினமான கருவி கூட்டத்தைக் குறைக்கும், கூட்டம் குறைந்தால் மறைவும் குறையும் என்று டிங்கிள்டைனும் மாத்யூசனும் 2006இல் எழுதினர். 2008 முதல் உருவான டோர் உலாவித் தொகுப்பு இதற்கு விடையாக அமைந்தது. டோரும் அதற்கென மாற்றியமைத்த பயர்பாக்ஸும் ஒரே பொதியில் வந்தன. இன்றைய டோர் உலாவி 9150 போர்ட்டையும், தனியே நிறுவிய டோர் 9050ஐயும் பயன்படுத்துகின்றன. வேறு மென்பொருளை இணைக்க முயல்வோர் இதில் இன்றும் தடுமாறுகின்றனர்.

டோர் எதை மறைக்காது என்பதையும் சில நிகழ்வுகள் காட்டின. 2007இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன் நாட்டவர் சில வெளியேறு கணினிகளை நடத்தி, அவற்றின் வழியே மறையாக்கமின்றிச் சென்ற தூதரக மின்னஞ்சல்களின் கடவுச்சொற்களைத் திரட்டி, சுமார் நூறு கணக்குகளின் விவரத்தை வெளியிட்டார். கடைசி உறையும் உரிந்தபின் உள்ளே இருப்பது வெறுங்காகிதமானால் அதை வாசிக்கத் தடையில்லை. 2013 ஆகஸ்டில் பயர்பாக்ஸின் ஓட்டை ஒன்றின் வழியே, விண்டோசில் பழைய பதிப்பை வைத்திருந்தவர்களின் உண்மை முகவரியை அமெரிக்கப் புலனாய்வுத் துறை பெற்றது. அந்த ஓட்டையை அடைத்த பதிப்பு ஏற்கெனவே வெளியாகியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு டோர் வழியே பொய்யான குண்டு மிரட்டல் வந்தது. அனுப்பிய மாணவர் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிலிருந்தே டோரைத் திறந்திருந்தார். அந்த நேரத்தில் அங்கே டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று தேடியதே அவரைப் பிடிக்கப் போதுமானதாயிற்று. வெறுந்தெருவின் முக்காடுதான்.

அரசுகள் தடுக்கத் தொடங்கியதும் அமைப்புகள் மறுபடியும் சிக்கலாயின. 2009 செப்டம்பரில், மக்கள் குடியரசின் அறுபதாம் ஆண்டு விழாவுக்குச் சற்று முன், சீனா டோரின் பொதுப் பட்டியலிலிருந்த கணினிகளைத் தடுத்தது. பட்டியலில் இல்லாத 'பாலங்கள்' வழியே மக்கள் நுழைந்தனர். பாலத்தின் முகவரியை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, அமைப்பில் தட்டச்சு செய்ய வேண்டும். 2011இல் ஈரான், டோர் சான்றிதழ்களின் செல்லுபடிக் காலம் வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருப்பதைக் கண்டு அதை வைத்தே இனங்கண்டு தடுத்தது. டோர் குழு அந்தக் காலத்தை நீட்டி உடனே விடுவித்தது. 2012இல் அங்கே தடை கடுமையானபோது, போக்குவரத்தின் தோற்றத்தையே மாற்றும் ஆப்ஸ்பிராக்ஸி களமிறங்கியது. இவற்றுள் எந்த நாட்டில் எது வேலை செய்யும் என்று பயனரே ஊகிக்க வேண்டியிருந்த நிலை 2022 ஜூலையில் வெளியான 11.5ஆம் பதிப்பில் மாறியது. இணைப்பு அமையாதபோது, பயனரின் இருப்பிடத்துக்கு ஏற்ற பாலத்தை உலாவியே தேர்ந்து முயன்று பார்க்கிறது.

உலாவிக்கு வெளியே பழைய சிக்கல் இன்னும் தீரவில்லை. டொரண்ட் மென்பொருள்கள் பல, டோர் வழியே அனுப்பினாலும் செய்திக்குள்ளேயே தம் உண்மை முகவரியை எழுதி அனுப்பிவிடுகின்றன. டெயில்ஸ் இயங்குதளம் வேறு வழியில் செல்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, டோர் வழியே செல்லாத இணைய இணைப்புகளைத் தீச்சுவர் கொண்டு வாசலிலேயே மறித்துவிடுகிறது.