மின்ரயிலிலிருந்து புறம்போக்கு வரை: தமிழ் இசைக் காணொளிகளின் காட்சி மரபு

இசைக் காணொளி என்பது ஒரு பாடலைப் பரப்புவதற்காக அப்பாடலுக்கென்றே எடுக்கப்படும் குறும்படம் ஆகும். 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்.டி.வி. ஒளிபரப்பைத் தொடங்கிய பின் இது பெரும் தொழிலாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் இதற்குத் தேவையே எழவில்லை. திரைப்படம் பாடலையும் காட்சியையும் சேர்த்தே வழங்கிவந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' பார்க்க, தொலைக்காட்சி இருந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடினார்கள். அங்கே அவர்கள் பார்த்தவை, கதையிலிருந்து கத்தரித்தெடுத்த இசைக் காணொளிகள் என்றே சொல்லலாம்.

திரைப்பாடலுக்கு உறுதியான சில மரபுகள் இருந்தன. பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர். பல்லவிக்கு ஓர் உடை, சரணத்துக்கு வேறு உடை. கதை நடக்கும் ஊருக்கும் பாட்டு நடக்கும் ஊருக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. பின்வரிசையில் ஆடுவோருக்குப் பெயர் கிடையாது. பாட்டின் முகமாக நடிகரே நின்றார். பாடியவரின் முகம் ஒலிநாடாவின் அட்டையில் இடம்பெற்றாலே பெரிது.

புறநகர் வாழ்க்கை இம்மரபுக்குள் மின்ரயில் ஏறி வந்தது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 2004 வரை அப்பாதையில் மீட்டர்கேஜ் வண்டிகள் ஓடின. மணிரத்னத்தின் 'அலைபாயுதே' (2000) படத்தில் ரயில்வே ஊழியரின் மகளான நாயகி மின்ரயிலில் சென்றுவருபவள். ஒளிப்பதிவாளருக்கு இந்த வண்டி ஒரு வரம். கதவு மூடாத வாசல், அங்கு வீசும் காற்று, விட்டுவிட்டு விழும் வெயில், பக்கத்துத் தண்டவாளத்தில் இணையாக ஓடும் இன்னொரு வண்டி என எல்லாமே தாளத்தோடு அசைகின்றன. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் காலை வண்டிக்கு முண்டியடிப்பவர்களுக்கு மட்டும், காதலர் நிற்குமளவுக்கு வாசலில் இடம் கிடைப்பது வியப்பாக இருக்கும்.

2011 நவம்பர் 16 அன்று வெளியான 'ஒய் திஸ் கொலவெறி டி' இந்த மரபை எதிர்பாராத வகையில் உடைத்தது. '3' படத்துக்காக அனிருத் இசையமைத்து, தனுஷ் எழுதிப் பாடிய பாடல் இது. முழுமை பெறாத வடிவம் கசிந்துவிட்டதால் படக்குழு ஒலிப்பதிவுக் கூடத்துக் காட்சிகளையே காணொளியாக வெளியிட்டது. காதில் ஹெட்ஃபோன், முன்னால் மைக், சாதாரண உடை, இடையிடையே சிரிப்பு. ஆடை மாற்றமும் இல்லை, வெளிநாட்டு மலையும் இல்லை. பாடுபவரும் முகம் காட்டுபவரும் ஒருவராகவே இருப்பது பலருக்குப் புதுமையாகத் தெரிந்தது. அதன்பின் ஒலிப்பதிவுக் கூடமே ஒரு வழக்கமான காட்சியாகி, விரைவில் சலிப்பும் தட்டியது.

இடத்தைப் பின்னணியாக அல்லாமல் பாடுபொருளாகவே காட்டியது, 2017 ஜனவரியில் வெளியான 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதியதை டி.எம். கிருஷ்ணா கருநாடக இராகங்களில் பாடினார். கச்சேரி மேடை, சபா, பட்டுப்புடவை வரிசை ஆகியவற்றை விட்டுவிட்டு எண்ணூரின் கழிமுகத்தையும் அனல்மின் நிலையங்களையும் அது காட்டியது. ஓரிடத்தில் பாடகர் மாசு தடுக்கும் முகக்கவசம் அணிந்திருக்கிறார். பாடகரின் வாயை மூடிக் காட்டும் அந்த ஒரு காட்சி பத்து விளக்கங்களுக்குச் சமம். எண்ணூர் வடக்கே இருந்தாலும் தென்புறநகர் மக்களுக்கு இது அயலார் கதையன்று. வேளச்சேரிக்கும் பெருங்குடிக்கும் அருகே குப்பைமேடும் கட்டடங்களும் சூழ்ந்துகொண்ட பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022இல்தான் ராம்சர் தகுதி கிடைத்தது.

உடையின் பொருளை மாற்றியவர்கள் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர். பா. இரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைப்பொறுப்பில், 2018 ஜனவரியில் சென்னையில் இவர்கள் முதன்முதலாக மேடையேறினர். கானா பாடகர் என்றால் திரையில் கைலியும் கழுத்தில் கைக்குட்டையும்தான் என்றிருந்த வழக்கத்துக்கு மாறாக, சாம்பல்நிறக் கோட்டு சூட்டு அணிந்து நின்றார்கள். அம்பேத்கரின் உருவத்தை அறிந்தவர்களுக்கு அந்த உடையின் பொருள் விளங்கும். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்திலிருந்து வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கியுள்ளது. அங்கே சீட்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அவரை அறிவார்கள் என்பது வேறு செய்தி.

இக்குழுவில் பாடிய அறிவு, பாடகி தீயுடன் இணைந்த 'எஞ்ஜாயி எஞ்சாமி' 2021 மார்ச் 7 அன்று வெளியானது. சந்தோஷ் நாராயணன் அதன் இசைத் தயாரிப்பாளர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி அதில் தோன்றுகிறார். திரைப்பாடலில் பின்வரிசையில் பெயரின்றி நின்றிருக்கக்கூடிய முதியவர், இங்கே பாட்டின் மூலமாகவே முன்வைக்கப்படுகிறார்.

ஆனால் காணொளிக்கு வெளியேயும் சட்டகங்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர், அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பின் அறிவின் படத்துடன் தனி இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில், இப்பாடலைத் தீயுடன் கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு மேடையில் இல்லை. அதன்பின் பாடலை உருவாக்கியதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது குறித்து அறிவும் சந்தோஷ் நாராயணனும் தனித்தனியே அறிக்கை வெளியிட்டனர்.