வில்லையின் விலை

இலத்தீன் மொழியில் 'லென்ஸ்' என்ற சொல்லுக்குப் பருப்பு என்று பொருள். அரபு மொழியிலும் இதே உறவைக் காணலாம். 'அதஸ்' என்பது பருப்பு; 'அதஸா' என்பது கண்ணாடி வில்லை. நடுவில் புடைத்து ஓரத்தில் மெலிந்திருக்கும் மைசூர்ப் பருப்பின் வடிவமே இரு மொழிகளிலும் வில்லைக்குப் பெயர் தந்தது. ஏழையின் அடுப்பில் வேகும் ஒரு தானியத்தின் பெயரைத் தாங்கிய இந்தப் பொருள், இன்று ஏலக்கூடங்களில் ஒரு வீட்டு மனையின் விலைக்குக் கைமாறுகிறது. அதுவும் புதிய வில்லையன்று. ஐம்பது, எழுபது, நூறு ஆண்டுகளுக்கு முன் கடைந்தெடுக்கப்பட்ட பழைய காமிரா லென்ஸ்!

இன்றைய தொழிற்சாலைகள் கணிப்பொறியின் துணையால் வடிவமைக்கும் லென்ஸ்கள், பழையவற்றைவிடத் துல்லியமாகப் படம் பிடிக்கின்றன. விலையும் அவற்றில் பல மடங்கு குறைவு. அப்படியிருக்க, அறிவும் அனுபவமும் உள்ளவர்களே பழையதைத் தேடி ஓடுவது ஏன்? இது வெறும் பணக்காரப் பைத்தியமா, அன்றி அதில் பொருள் ஏதும் உண்டா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஒளி கண்ணிலிருந்து புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை. பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது என்பதை ஆய்வுகளால் நிலைநாட்டியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களின் பாடநூலாயிற்று. இருட்டறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளி எவ்வாறு உருவத்தைச் சுமந்து வருகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். காமிரா என்ற கருவிக்கு அடிப்படையான சிந்தனைகளில் இதுவும் ஒன்று.

துளை சிறிதாயின் உருவம் தெளிவாயிருக்கும். ஆனால் வெளிச்சம் போதாது. துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் பெருகும். ஆனால் உருவம் கலங்கும். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த நெடும் போராட்டமே லென்ஸின் வரலாறு. வில்லையின் குவியத் தூரத்தை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை 'எஃப்' எண் என்பர். எண் குறையக் குறைய ஒளி கூடும். அதைச் செய்வதற்கான உழைப்பும் கூடும்.

1839-ஆம் ஆண்டு டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தது. உயிருள்ள மனிதர் அவ்வளவு நேரம் அசையாமல் இருப்பது எங்ஙனம்? வியன்னாவின் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால் 1840-இல் இதற்கு வழி கண்டார். ஆஸ்திரியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த கணக்கு வல்லவர்களைத் துணைக்குப் பெற்று, எஃப் 3.6 அளவுள்ள உருவப்பட லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டு வகுத்தார். ஊகித்தும் உரசிப் பார்த்தும் செய்யப்பட்டு வந்த பொருள், முன்கூட்டியே கணிதத்தால் வகுக்கப்பட்ட பொருளாயிற்று. படம் பிடிக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. அதைச் செய்து விற்ற ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் செழித்தது. பெட்ஸ்வாலுக்கோ ஒரே முறை அளிக்கப்பட்ட சிறு தொகைதான் மிச்சம்! மனம் கசந்து நிறுவனத்துடன் பிணங்கிய அவர், 1891-இல் தனிமையில் மறைந்தார். இன்று பித்தளை உடலுடன் கிடைக்கும் அக்காலத்து ஃபோக்ட்லாண்டர் லென்ஸ்களைச் சேகரிப்போர் போட்டியிட்டு வாங்குகின்றனர்.

ஜெர்மனியின் யேனா நகரில் வேறொரு வரலாறு உருவாயிற்று. 1846-இல் கார்ல் சைஸ் தொடங்கிய சிறு பட்டறையில் இயற்பியலறிஞர் எர்ன்ஸ்ட் அபே இணைந்தார். ஓட்டோ ஷாட் புதுவகைக் கண்ணாடிகளை உருக்கித் தந்தார். பால் ருடால்ஃப் 1896-இல் 'பிளானார்', 1902-இல் 'டெஸ்ஸார்' ஆகிய வடிவங்களைத் தந்தார். 1935-இல் அதே நிறுவனத்தின் ஸ்மாகுலா, வில்லையின் மேற்பரப்பில் மெல்லிய பூச்சிட்டு ஒளிச்சிதறலைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இப்பூச்சு இல்லாத லென்ஸில் பின்னொளி பட்டால் படத்தில் மெல்லிய மூடுபனி போன்ற ஒளி பரவும். அன்று குறையெனக் கருதப்பட்ட அந்த மூடுபனியைத்தான் இன்றைய படக்கலைஞர் பலர் விரும்பித் தேடுகின்றனர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

ஆம், விலையேற்றத்தின் முதற் காரணம் இதுவே. புதிய லென்ஸ்கள் பிழையற்றவை. ஆதலால் ஒன்றைப் போலவே மற்றொன்றும் படம் தருகிறது. பழையவற்றில் எஞ்சி நின்ற பிழைகள் ஒவ்வொன்றுக்கும் தனி முகத்தைத் தந்துவிட்டன. சைஸின் 'பயோட்டார்' லென்ஸில் பின்னணி சுழல்வது போலத் தோன்றும். மேயர் நிறுவனத்தின் 'டிரையோபிளான்', மூன்றே வில்லைகளால் ஆன எளிய லென்ஸ். அது பின்னணியில் உள்ள ஒளிப்புள்ளிகளைச் சோப்புக் குமிழிகளாக்கிக் காட்டும்.

இரண்டாவது காரணம் அருமை. போருக்குப் பின் யேனாவின் இயந்திரங்கள் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 58 மி.மீ. பயோட்டாரின் வடிவத்தைப் பின்பற்றிய 'ஹீலியோஸ்-44' அங்கே இலட்சக்கணக்கில் உற்பத்தியாயிற்று. அதே சுழல் அழகை அதுவும் தரும். ஆயினும் எளியோரும் வாங்கும் விலையிலேயே கிடைக்கிறது. அதே பயோட்டார் குடும்பத்தைச் சேர்ந்த 75 மி.மீ. எஃப் 1.5 லென்ஸோ மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் செய்யப்பட்டது. அதன் விலை பல மடங்கு உயர்ந்து நிற்கிறது. அழகு மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மூன்றாவது காரணம் கைத்திறன். 1966-இல் லைட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'நாக்டிலக்ஸ்' எஃப் 1.2 லென்ஸில், கோள வடிவம் அல்லாத இரண்டு பரப்புகள் இருந்தன. அவற்றை இயந்திரம் தானே செய்துவிட இயலாது. தேர்ந்த தொழிலாளியின் கை கூடவே இருந்து கடைய வேண்டும். கழிபட்டுப் போனவையும் பல. 1975-இல் உற்பத்தி நின்றபோது, செய்யப்பட்டவை ஈராயிரத்தை எட்டவில்லை. இன்று அது பத்தாயிரம் டாலர்களுக்கு மேல் விலை போகிறது. 2021-இல் அந்நிறுவனமே அதைப் புதிதாக மீண்டும் வெளியிட்டது. ஆயினும் சேகரிப்போரின் நாட்டம் பழையதைவிட்டு அகலவில்லை.

நான்காவது காரணம் கதை. 1966-இல் சைஸ் நிறுவனம் எஃப் 0.7 என்னும் வியத்தகு ஒளித்திறன் கொண்ட பத்து பிளானார் லென்ஸ்களை மட்டுமே செய்தது. ஆறு, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்குச் சென்றன. மூன்றை வாங்கிய திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், 1975-இல் வெளிவந்த தம் 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி ஒளியிலேயே காட்சிகளைப் பதிவு செய்தார். இத்தகைய வரலாறு ஒட்டிக்கொண்ட பின் கண்ணாடி வெறுங்கண்ணாடியாக இருப்பதில்லை. பெயருக்கும் விலையுண்டு. 1923-ஐ ஒட்டிச் சோதனைக்காகச் செய்யப்பட்ட லைக்கா காமிராக்களில் ஒன்று 2018-இல் வியன்னா ஏலத்தில் 24 இலட்சம் யூரோவுக்குப் போயிற்று. அதே வரிசையில் 105-ஆம் எண்ணுடைய மற்றொன்று, 2022-இல் ஒரு கோடியே 44 இலட்சம் யூரோவுக்குப் போயிற்று. அது லைக்காவைப் படைத்த ஆஸ்கர் பர்னாக் தாமே வைத்திருந்த கருவி!

ஐந்தாவது காரணம் அண்மைக் காலத்தது. 2008-க்குப் பின் கண்ணாடித் தகடற்ற டிஜிட்டல் காமிராக்கள் வந்தன. அவற்றில் லென்ஸுக்கும் உணர்பரப்புக்கும் இடையே தூரம் குறைவு; ஆகவே ஓர் இணைப்பு வளையத்தின் உதவியால் பழைய லென்ஸ்களில் பெரும்பாலானவற்றைப் பொருத்திவிடலாம். அலமாரியில் உறங்கிய கண்ணாடிகள் மறுபடியும் வேலைக்கு வந்தன. தேவை பெருகவே, விலையும் ஏறிற்று.

விலை ஏறும் இடத்தில் வஞ்சமும் நுழையும். சோவியத் காமிராக்களில் லைக்கா என்று பொறித்தும், அந்நாட்டு லென்ஸ்களில் ஜெர்மானியப் பெயர்களைப் பொறித்தும் விற்போர் உண்டு. கண்ணாடிக்குள் பூசணம் படர்ந்திருக்கலாம். வில்லைகளை ஒட்டிய பசை பிரிந்திருக்கலாம். தோரியம் கலந்த சில பழைய கண்ணாடிகள் காலப்போக்கில் மஞ்சளாகின்றன. எனவே பெயரைப் பார்த்துப் பொருளை வாங்குவோர், பொருளைப் பார்த்துப் பெயரை நம்புவதே அறிவுடைமை.

இத்தனையும் அறிந்தபின், நியாயம் பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. இந்தப் பெருந்தொகைகள் யாரைச் சேர்கின்றன? பெட்ஸ்வாலையன்று, நாக்டிலக்ஸைக் கடைந்த கையையுமன்று. பொருள் யாரிடம் கடைசியாக இருந்ததோ அவரையே சேர்கின்றன. இது சந்தையின் இயல்பு; ஆனால் அதுவே நீதியாகிவிடாது. செய்தவனின் கூலியை, செய்யும் காலத்திலேயே கொடுத்தாக வேண்டும். இதை உணர்ந்தவர் எர்ன்ஸ்ட் அபே. சைஸ் நிறுவனம் வளர்ந்து செல்வம் குவித்தபோது, 1889-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவித் தம் பங்குகளை அதற்கு ஒப்படைத்தார். தொழிலாளருக்கு ஓய்வூதியம் வகுக்கப்பட்டது. 1900-இல் எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நூறாண்டு கழித்து ஓர் அரிய லென்ஸை ஏலத்தில் எடுப்பவர் அதைச் செய்தவனுக்கு எதையும் தந்துவிட முடியாது. அபே தந்தார்.

சேகரிப்போரை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அவர்களது ஆர்வம் இல்லையேல் பல அரிய படைப்புகள் பழைய இரும்புக் கடையில் உருக்கப்பட்டிருக்கும். ஆயினும் ஒளியைக் கடத்தவென்று பிறந்த கண்ணாடி, இருட்டுப் பெட்டகத்தில் பூட்டப்பட்டு விலையேற்றத்துக்காகக் காத்துக் கிடக்குமாயின், அது காக்கப்பட்டது என்பதைவிடச் சிறை வைக்கப்பட்டது என்பதே பொருந்தும். அரிய லென்ஸை வாங்கும் செல்வம் உடையவர் வாங்கட்டும். வாங்கியபின் அதன் வழியே ஒரு முகத்தையேனும் பார்க்கட்டும். அதைச் செய்தவனுக்கு இனி யாரும் செலுத்தக்கூடிய கூலி அது ஒன்றே.