வீடு பெண்ணுக்கு, வழி ஆணுக்கு

மேற்குச் சுமாத்திரா மலைநாட்டில், சுலிக்கிக்குப் பக்கத்தில், பண்டாம் கடாங் எண்டொரு சின்னக் கிராமம். மினாங்கபாவ் மக்களின் ஊர். பரம்பரை வயலும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். வளர்ந்த பெடியனுக்கு அந்தக் காலத்தில் அந்த வீட்டில் அறை இருக்கவில்லை. இரவில் ‘சுராவ்’ எனும் தொழுகைக்கூடத்தில் படுக்கவேண்டியிருந்தது. பிறகு ‘மெரன்தாவ்’, ஊரைவிட்டுப் போய் உழைப்பது.

இதைப் பெண்களின் ராச்சியம் எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. காணிக்கதை வந்தால் தாய்மாமனின் சொல்தான் எடுபடும். ஆனால் நினைத்தபடி விற்க அவராலும் ஏலாது.

1913இல் இந்த ஊர்ப் பெடியன் இப்ராகிம் நெதர்லாந்துக்குப் படிக்கப் போனான். ஊர்ப் பெரியவர்கள் கடனாகக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். தாய்வழியில் அவனுக்கு வந்த சொத்து ஒரு பட்டம்: ‘தான் மலாக்கா’. கம்யூனிஸ்ட் தலைவனாக உலகம் அறிந்தது அந்தப் பெயரைத்தான். நாடுநாடாகத் தலைமறைவாகத் திரிந்த அவனை, 1949இல் கிழக்கு ஜாவாவில் இந்தோனேசியப் படையினரே சுட்டார்கள்.