கரையில் ஒரு பகற்பொழுது: பினாங்கின் பள்ளிவாசலும் அதன் அடிநிலமும்

மலாக்கா நீரிணையில் செல்லும் உல்லாசக் கப்பல்கள் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் கரையணைவது வழக்கம். பயணிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே. கார்ன்வாலிஸ் கோட்டை, மலைமேல் ஏறும் இழுவை இரயில், கெக் லோக் சி புத்தர் கோயில், ஆர்மீனியத் தெருவின் சுவரோவியங்கள், அவற்றோடு மஞ்சள் நிறத்தில் குவிமாடங்கள் திகழும் ஒரு பள்ளிவாசல் என்று வழிகாட்டியின் பட்டியல் நீள்கிறது. பள்ளிவாசலுக்கு ஒதுக்கப்படும் நேரம் சில நிமிடங்கள். ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டு கூட்டம் நகர்ந்துவிடுகிறது.

விடுமுறைக் காலங்களில் இக்கப்பல்களில் நம் குடும்பங்களும் செல்கின்றன. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. அந்த அழைப்பை மனத்திற்கொண்டு இறங்குவோருக்குப் பினாங்கில் காண்பதற்குப் பெரிதும் உண்டு. அங்கே முன்சென்றோர் நம்மவரே.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள், பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இத்தீவில் கொடியேற்றினார். தீவு கெடா சுல்தானுக்கு உரியது. கெடாவின் துறைமுகங்களில் சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் அதற்கு முன்பே வாணிகம் செய்துவந்தனர். மலாய் நாட்டார் அவர்களைச் 'சூலியா' என அழைத்தனர். புதிய துறைமுகம் திறந்ததும் அவர்களுள் பலர் தீவுக்கு இடம்பெயர்ந்தனர். 1794-இல் லைட் எழுதிய அறிக்கை ஒன்று, தீவில் குடியிருந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்கிறது. அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர்வரை கப்பல்களில் வந்து, வணிகத்திலும் கூலி வேலையிலும் சிறிது பொருள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்பினர் என்றும், அவர்கள் இடத்திற்கு வேறு சிலர் வந்தனர் என்றும் அது குறிப்பிடுகிறது. நகரின் முதல் தலைமுறைத் தெருக்களுள் ஒன்று இன்றும் 'சூலியாத் தெரு' என்றே வழங்குகிறது.

வருவதும் போவதுமாக இருந்த இந்த மக்கள்திரளுக்குத் தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர் என்ற வணிகரை 1801-இல் ஆங்கில நிர்வாகம் தென்னிந்தியரின் 'கப்பித்தான்' ஆக ஏற்றது. தம் மக்களின் வழக்குகளைத் தீர்த்துவைப்பதும், அவர்கள் சார்பில் ஆட்சியாளரிடம் பேசுவதும் கப்பித்தானின் பொறுப்பு. அப்போதைய துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கினார். அவ்வாறு எழுந்ததே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 'கெலிங்' என்பது தென்னிந்தியரைக் குறிக்க அக்காலத்தில் இயல்பாக வழங்கிய சொல். பின்னாளில் அதன்மீது இழிவுப் பொருள் படிந்தது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பழைய மதிப்போடு நிற்கிறது.

இன்று நிழற்படங்களில் விழும் குவிமாடங்களும் மினாராவும் அந்நாளையவை அல்ல. மொகலாயப் பாணியிலான இத்தோற்றம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் திருப்பணிகளால் அமைந்தது. 1801-இன் உண்மையான கொடை பள்ளிவாசலின் அடியிலும் சுற்றிலும் இருந்த நிலமே. இறையில்லம் நடப்பதற்கும் அதை நாடி வருவோரின் தேவைக்கும் நிலைத்த ஆதாரமாக அது வக்ஃபானது. அருகிலுள்ள தெரு ஒன்றின் பெயர் 'கம்போங் கோலம்'. மலாய் மொழியின் 'கோலம்' நம் 'குளம்' தான். சொல்லும் நம்மவரோடு கடல் கடந்திருக்கிறது. கப்பித்தானின் அடக்கத்தலமும் அத்தெருவிலேயே உள்ளது.

அங்கிருந்து சிறிது தொலைவில், சூலியாத் தெருவின் ஒரு முனையில், நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவிடம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. அங்கே கப்று இல்லை. இத்தகைய நினைவிடங்கள் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் வரலாற்றுச் சான்றாக அதன் பொருள் தெளிவானது. பாய்மரக் கப்பலில் வங்கக் கடலைக் கடந்தவர்கள் தாங்கள் புறப்பட்ட கரையை மறவாதிருக்க அந்தக் கரையின் பெயரையே இங்கே நட்டுவைத்தனர்.

இனிச் சொல்வது கசப்பான பகுதி. வக்ஃபு செய்பவருடைய தூய எண்ணம் அவருடைய வாரிசுகளுக்குத் தானாக வந்துவிடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டினூடே பள்ளிவாசல் நிலத்தில் வீடுகள் நெருக்கமாக முளைத்தன. அறங்காவல் பொறுப்பும் வருமானமும் பூசலுக்குள்ளாயின. இறுதியில், 1905-இன் முஹம்மதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு ஒரு வாரியம் அமைத்து நிர்வாகத்தைக் கையிலெடுத்தது. நெருக்கடி நீங்கியது. பள்ளிவாசல் பொலிவுபெற்றது. ஆனால் ஒரு சமூகம் தன் முன்னோரின் அமானிதத்தைத் தானே காக்க இயலாமல் அயல் ஆட்சியாளரின் கையில் காண நேர்ந்தது. நிழற்படத்தில் நாம் வியக்கும் அழகின் பின்னே இந்தத் தலைகுனிவும் இருக்கிறது. வக்ஃபுச் சொத்துகளைப் பற்றி இன்று பேசும் எவரும் இதை மறத்தலாகாது.

நீராவிக் கப்பல்களின் காலத்திலும் நம்மவர் வருகை தொடர்ந்தது. 1926-இல் கட்டப்பட்ட 'ராஜுலா' சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அரை நூற்றாண்டளவு ஓடியது. தொடக்கத்தில் அதன் மேல்தளப் பயணிகளாக மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. மேல்தளப் பயணிக்கு அறை கிடையாது. பாயை விரித்த இடமே அவர் வீடு. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் கடலில் தீப்பற்றியது. உயிர்கள் பலியாயின. அத்துடன் அந்த நெடுங்காலக் கடல்வழிப் பயணம் முடிவுக்கு வந்தது. இன்று குளிரூட்டிய அறையின் சாளரம் வழியே நாம் பார்ப்பது அவர்கள் திறந்த தளத்திலிருந்து பார்த்த அதே மலையைத்தான்.

பினாங்கு வரும் ஒவ்வொருவரும் தேடியுண்ணும் 'நாசி கந்தாரும்' அவர்கள் விட்டுச்சென்றதே. காவுதடியின் ஒருபுறம் சோறும் மறுபுறம் கறியும் சுமந்து, துறைமுகத் தொழிலாளிக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் எளிய பிழைப்பு அது. 'கந்தார்' என்பது தோளில் சுமத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல்.

2008-இல் யுனெஸ்கோ, ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதற்கு முன்னரே, 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வாடகை உயர்ந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல நகர்மையத்தைவிட்டு வெளியேறின. கடைவீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் உருமாறின. கட்டடங்கள் காக்கப்படுகின்றன. அவற்றின் அண்டைவீட்டார் குறைகின்றனர். பள்ளிவாசலை வாழவைப்பது சுண்ணாம்பும் வண்ணமும் மட்டும் அல்ல. பாங்கோசை கேட்டு நடந்துவரக்கூடிய தொலைவில் ஒரு ஜமாஅத் வாழவேண்டும். அதை எந்தப் பாரம்பரியப் பட்டியலும் தந்துவிடாது.

ஆகவே, அந்தக் கரையில் இறங்கும் வாய்ப்பு அமைந்தால், சுற்றுலாத் திட்டத்தைச் சற்றே மாற்றிக்கொள்வோம். துறைமுகத்திலிருந்து பள்ளிவாசலுக்கு நடந்தே செல்லலாம். போகும் வழியில் கடற்கரைத் தெரு குறுக்கிடும். கடலைத் தூர்த்து நிலமாக்கிய பின் அலைகள் அத்தெருவைவிட்டு விலகிவிட்டன. முன்னோர் கால்வைத்த கரை அதுவென்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். லுஹர் வேளைக்குச் சென்று, ஒளுச் செய்து, பார்வையாளராக நில்லாமல் ஜமாஅத்தோடு தொழுவோம். நாமும் முசாஃபிர்களே. முசாஃபிர்களுக்காகவே வைக்கப்பட்ட இடம் அது. இயன்றதைப் பள்ளியின் உண்டியலில் இடுவோம்.

கப்பித்தானின் பெயரை வரலாறு எழுதிவைத்தது. பாய்விரித்து வந்து, சுமைதூக்கி, பெயரின்றி அம்மண்ணில் அடங்கியோரை அது எழுதவில்லை. மரணத்திற்குப் பின்னும் நன்மை சேர்த்துக்கொண்டிருப்பது நிலையான தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வைத்த ஒரு தர்மத்தின் நிழலில் நின்று அவர்கள் அனைவருக்காகவும் துஆச் செய்துவிட்டுக் கப்பலேறுவோம். நம் ஊரில் நம் பொறுப்பில் உள்ள வக்ஃபு எந்நிலையில் இருக்கிறது என்ற கேள்வியும் நம்முடன் திரும்பி வரட்டும்.