ஒத்துக்கொள்ளாத மருந்தும் ஊசிமுனைச் சோதனையும்

பவானிபூரில் ஹாஜ்ரா மோடு பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்குச் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் நாட்டுக்குக் கொடுத்த வீட்டில், 1926-இல் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட சேவா சதனிலிருந்து கிளைத்தது அது. 1950 ஜனவரி 2 அன்று அதைத் திறந்துவைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ-கியூரி. நம்ம அடையாறு மருத்துவமனை வந்தது 1954-இல்தான். அந்நாளில் கத்தியும் கதிர்வீச்சுமே பிரதான சிகிச்சை. 'கீமோ' என்று நாம் சொல்லும் மருந்துகள் பரவலானது பிற்பாடு. அவற்றோடு கூடவே வந்த தொல்லை ஒன்றின் வரலாற்றை எழுத விரும்புகிறேன். அதாவது, மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது.

கதை மருத்துவமனையில் தொடங்கவில்லை, புகைப்படக் கூடத்தில் தொடங்குகிறது. பிளாட்டின உப்பு பூசிய காகிதத்தைக் கையாண்ட சிகாகோ தொழிலாளர்களுக்குத் தும்மலும் இளைப்பும் வந்ததை 1911-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 1945-இல் இங்கிலாந்தின் பிளாட்டினச் சுத்திகரிப்பு ஆலைகளில் 91 பேரைப் பார்த்ததில் 52 பேருக்கு இதே கோளாறு. தோலில் லேசாகக் குத்தி அந்த உப்பை வைத்தால் தடிப்பு எழும். யாருக்கு அலர்ஜி என்று தெரிந்துவிடும்.

1965-இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க், பிளாட்டினம் கலந்த நீரில் பாக்டீரியாக்கள் பெருகாமல் நிற்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த சிஸ்பிளாட்டின் 1978-இலும், அதன் தம்பி கார்போபிளாட்டின் 1989-இலும் அங்கே அங்கீகாரம் பெற்றன. ஆலைத் தொழிலாளியை வாட்டிய அதே உலோகம் நோயாளியின் நரம்புக்குள் போயிற்று!

இந்த அலர்ஜி பொதுவாக முதல் தடவையில் வராது. உடம்பு மருந்தைப் பார்த்துப் பழகி, பகை பாராட்டக் கற்றுக்கொள்ள நாளாகும். கிளீவ்லாந்தில் மாரிஸ் மார்க்மன் குழுவினர் 1999-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஏழு சுற்றுக்கு மேல் கார்போபிளாட்டின் பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வந்தது. முதல் அடையாளம் பலருக்கு உள்ளங்கை அரிப்பு. உள்ளங்கை அரிச்சா காசு வரும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மருந்து ஏறும்போது மட்டும் அந்தச் சந்தோஷம் வேண்டாம், உடனே சொல்லிவிட வேண்டும்.

முன்பெல்லாம் ஒரு தடவை ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த மருந்தையே நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் கருப்பைக்கு இருபுறமும் உள்ள சூலகத்தில் வந்த புற்று மீண்டும் தலைதூக்கும்போது பெரும்பாலும் பிளாட்டினம்தான் கைகொடுக்கும் மருந்து. அதை விடுவது சாதாரண விஷயமா? இங்கேதான் பழைய தோல் சோதனை உதவிக்கு வந்தது. கார்போபிளாட்டினை நீர்க்கச் செய்து முன்கைத் தோலுக்குள் துளியளவு செலுத்திப் பார்ப்பார்கள். மார்க்மன் குழு 2003-இல் 126 பெண்களைப் பற்றி எழுதியது: சோதனையில் தடிப்பு எழாத பிறகு மருந்து ஏற்றியதில் நூற்றுக்கு ஒன்றரைத் தடவைதான் ஒவ்வாமை வந்தது.

எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. பாக்ளிடாக்சல் தண்ணீரில் கரையாது. கரைக்கச் சேர்க்கும் திரவம் நம்ம ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்வது. ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் அந்தத் திரவமே என்கிறார்கள். அது முதல் அல்லது இரண்டாம் தடவையிலேயே, சில நிமிடங்களில் காட்டிவிடும்.

தடிப்பு எழுந்தால் கதை முடிந்ததா? இல்லை. பாஸ்டனில் மரியானா காஸ்டெல்ஸ் குழு மூன்று பைகளில், நூற்றில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு, முழு அடர்த்தி என்று மருந்தை வைத்து, கால் மணிக்கொரு முறை வேகத்தைக் கூட்டி, பன்னிரண்டு படியில் ஏற்றியது. 2008-இல் வெளியான முடிவில் 98 நோயாளிகளுக்கு 413 தடவை. அதில் நூற்றுக்கு 94 தடவை ஒன்றுமில்லை, அல்லது லேசான தொந்தரவுதான். இந்தப் பழக்கம் நிலைக்காது, அடுத்த சுற்றுக்கும் முதலிலிருந்து வர வேண்டும். அட்ரினலினும் அனுபவமுள்ள டாக்டரும் பக்கத்தில் இல்லாமல் செய்யக்கூடிய காரியமும் அல்ல.

இத்தனைக்கும் டாக்டர் முதலில் கேட்பது எந்த மருந்து, எத்தனையாவது சுற்று, ஏறத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று என்பதுதான். வங்காளம் தெரியாத நம் வீட்டுப் பாட்டிமார் 'அரிக்குது' என்றால் இங்குள்ள நர்ஸுக்குப் புரியாது. 'சுல்காச்சே' என்ற ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.